பிள்ளையைப் பிடித்தது பேயல்ல!

பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி தன் கையைத் தானே கீறிக்கொள்கிறாள். பெற்றோர் கண்ணில் பட்டுவிடுகிறது. உடனே என்ன நடக்கிறது? முதலில் அடி. அடுத்தபடி ஜோசியனிடம் ஜாதகம். அவன் சனி என்றால் எள் விளக்கு. பேய் என்றால் கோடாங்கியிடம் வேப்பிலை. இரண்டும் பலிக்காவிட்டால் "எல்லாம் தலைவிதி" என்று ஒரு பெருமூச்சு! இத்தனை பேரிடமும் போய்க் கேட்ட பெற்றோர், "உனக்கு என்னம்மா துன்பம்?" என்று அந்தப் பெண்ணை மாத்திரம் கேட்கவில்லை.

தலைவிதி என்பவர்கள் ஒரு கணக்கைப் பார்க்கட்டும். வேலூரையடுத்த கணியம்பாடி வட்டாரத்தில் 10 முதல் 19 வயதுள்ளவர்களின் சாவுகளை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியார் பத்து வருஷ காலம் விசாரித்து, 2004-ல் லான்செட் என்னும் மருத்துவப் பத்திரிகையில் வெளியிட்டார்கள். தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொண்டவர்கள், வருஷத்திற்கு லட்சம் ஆண்பிள்ளைகளில் 58 பேர். லட்சம் பெண்பிள்ளைகளிலோ 148 பேர்! சனி கிரகத்துக்குப் பெண்பிள்ளைகள்மேல் மாத்திரம் இரண்டரை மடங்கு கோபமா? கிரகம் இருவருக்கும் ஒன்றுதான். வீட்டில் வாய் திறக்கும் உரிமை ஒன்றா? படிக்கும் உரிமை ஒன்றா? வேண்டாம் என்று சொல்லும் உரிமை ஒன்றா? வித்தியாசத்தை வானத்தில் தேடுவானேன்?

"நாங்கள் படித்தவர்கள், ஜோசியம் பார்ப்பதில்லை" என்று சிலர் சொல்லக்கூடும். அவர்கள் ஜாதகத்தை மடித்துவைத்துவிட்டு மார்க்குப் பட்டியலைப் பிரித்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். தமிழ்நாட்டு அரசாங்கம் பொதுத்தேர்வில் மாநில முதலிடம் அறிவிக்கும் வழக்கத்தை 2017-ல் நிறுத்திற்று. தோற்றவர்கள் அவ்வருஷமே எழுதத் துணைத்தேர்வும் வைத்திருக்கிறது. ஆனால் அப்பாவின் வாய் நின்றபாடில்லை. பக்கத்து வீட்டுப் பையனைக் காட்டிக் காட்டித் தன் பையனை இடிக்கிறார். 2022-ல் மட்டும் இந்தியாவில் 13,000-க்கு மேற்பட்ட மாணவர்கள் இவ்விதம் இறந்ததாகச் சர்க்கார் கணக்கே சொல்லுகிறது. ஒவ்வொரு சாவுக்கும் பரீட்சை ஒன்றே காரணம் என்று நாம் சொல்லவில்லை; வீட்டுச் சண்டை, ஜாதி இழிவு, நோய், மனச்சோர்வு எனப் பல சேர்ந்தே ஒரு பிள்ளையை அந்த இடத்துக்குத் தள்ளுகின்றன. ஆனால் இவற்றில் விதியின் வேலை எது? எல்லாம் மனிதர் கைக்கு எட்டும் காரியங்களே.

"இதையெல்லாம் பிள்ளைகளிடம் பேசினால் இல்லாத எண்ணம் வந்துவிடுமே" என்பது ஓர் ஆக்ஷேபணை. பேசிப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். ஐரோப்பாவில் 10 நாடுகளில், 168 பள்ளிகளில், 11,110 மாணவர்களைக் கொண்டு பரிசோதித்து 2015-ல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு பிரிவினருக்கு நாலு வாரத்தில் ஐந்தே மணி நேரம், தம் மனத்துன்பத்தைத் தெரிந்துகொள்ளவும், வாய்விட்டுப் பேசவும், நண்பனுக்கு உதவவும் கற்பித்தார்கள். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தபோது, அப்பிரிவில் உயிரை விடப் புதிதாக முயன்றவர்கள், கற்பிக்காத பிரிவில் இருந்ததில் ஏறக்குறைய பாதிதான். பேசினால் வரும் என்றார்கள், பேசியதால் குறைந்தது!

"அது வெறும் மிரட்டல்" என்பது இன்னோர் ஆக்ஷேபணை. கீறிக்கொள்ளும் பிள்ளைகள் எல்லோரும் சாக விரும்புகிறவர்கள் அல்லர். தாங்கமுடியாத வேதனையை அப்போதைக்கு அடக்கவே பலர் அப்படிச் செய்கிறார்கள். ஆனால் பின்னால் உயிருக்கு ஆபத்து வருவது அவர்களுக்கே அதிகம் என்பதால் அலட்சியம் கூடாது. மிரட்டல் என்றே வைத்துக்கொள்வோம். தன் இரத்தத்தைக் காட்டினால்தான் பெற்றவர் காது திறக்கும் என்றால், வெட்கப்பட வேண்டியது பிள்ளையா?

முன்பு தற்கொலைக்கு முயன்றவரைச் சட்டம் குற்றவாளி என்றது. 2017-ம் வருஷத்து மனநலச் சட்டமோ, அப்படிப்பட்டவர் கடும் மன நெருக்கடியில் இருந்ததாகவே கொள்ளவேண்டும், அவருக்குச் சிகிச்சை அளிப்பது சர்க்காரின் கடமை என்கிறது. போலீசே கைவிட்ட விசாரணையைப் பெற்றோர் ஏன் நடத்தவேண்டும்?

ஆகவே செய்யவேண்டியது இதுதான். அடிக்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, "செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா?" என்று நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் உண்டாவதில்லை. ஆம் என்றால் தனியே விடாதீர்கள். பூச்சிமருந்தும் மாத்திரையும் கைக்கு எட்டாமல் பூட்டில் இருக்கட்டும். அரசாங்க ஆஸ்பத்திரி மனநல வைத்தியரிடம் அழைத்துப் போங்கள். 14416 என்ற எண்ணுக்கு இரவு பகல் எந்நேரமும் டெலிபோனில் காசில்லாமல் பேசலாம்; தமிழிலேயே பேசலாம்.

துன்பம் வருமுன் செய்யவேண்டியதும் உண்டு. பிள்ளை தானே முடிவு செய்யச் சில காரியங்கள், தன்னால் முடியும் என்று காட்ட ஒரு வேலை, விளையாட ஒரு மைதானம், கேலி செய்யாமல் கேட்க ஒரு பெரியவர். எந்தத் தாயத்தும் இதற்கு ஈடாகாது.

கடைசியாக நம் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. மேடையில் கடவுளையும் ஜாதியையும் கேள்வி கேட்கிறோம். வீட்டுக்கு வந்ததும், மகள் நம்மைக் கேள்வி கேட்டால் கை ஓங்குகிறோம். அந்தக் கையை இறக்காதவரை நாம் பேசும் சுயமரியாதை வாசற்படியோடு நின்றுபோன சுயமரியாதைதான்.