கட்டுச்சோறோட வாற பங்கசு

2021ல ரசாயன உரத்துக்கும் கிருமிநாசினிக்கும் அரசு இறக்குமதித் தடை போட்டு, நவம்பரில் அதை விலக்கினது ஞாபகம் இருக்கும். அந்த மாதங்களில் எங்கட ஆக்களுக்குள்ள ஒரே சண்டை: மருந்து வேணும், மருந்து வேணாம். எதை எதிர்த்து மருந்து அடிக்கிறம் எண்ட கதைதான் குறைவு.

துறைமுகப் பக்கம் வாழுற எங்களுக்கு தம்பலகாமமும் கந்தளாயும் பஸ் யன்னலில் தெரியிற வயல்கள்தான். அங்க விவசாயிகள் பயப்படுற நெல் நோய்களில் ஒன்று எரிபந்தம். தமிழ்நாட்டில் குலை நோய் எண்டு சொல்லுவினம். அதைத் தருவது மக்னபோர்த்தே ஒரைசே எண்ட பங்கசு.

இதன் வித்தி இலையில் வந்து விழும்போது வெளியில் இருந்து சாப்பாடு எடுப்பதில்லை. தூரப் பயணம் போறவர் கட்டுச்சோறு கொண்டுபோற மாதிரி, கொழுப்புத் துளிகளையும் கிளைக்கோஜனையும் தனக்குள்ளயே கொண்டுவருது. பனி ஈரத்தில் முளைத்து, நுனியில் ஒரு குமிழைக் கட்டுது. சேமிப்பெல்லாம் அதுக்குள்ள போகுது. அங்க கிளிசரோல் சேர, தண்ணீர் உள்ளே இழுபட்டு, அமுக்கம் வளிமண்டலத்தைப் போல 80 மடங்கு வரை ஏறுது. கார் டயரில் இருப்பது 2 மடங்கு சொச்சம்தான். அந்த அமுக்கத்தில்தான் இலையைத் துளைக்குது.

கொழுப்பமிலங்களுக்கு இன்னொரு வேலையும் இருக்கு. கலத்துக்குள்ள பெரொக்சிசோம் எண்ட சின்னப் பைகளில் அவை வெட்டுப்படுகின்றன. கிளிசரோலைக் கசியவிடாத கறுப்பு மெலனின் படைக்கு அந்தத் துண்டுகள் தேவை. பெக்ஸ்6 எண்ட மரபணுவை நீக்கி, இந்த வெட்டு வேலையை நடக்கவிடாமல் செய்து பார்த்திருக்கினம். குமிழ் வந்தது. இலைக்குள்ள மட்டும் போக முடியவில்லை.

ட்ரைசைக்கிளசோல் எண்ட மருந்தும் மெலனினைத்தான் தடுக்குது. அப்ப, பங்கசு உள்ளே போன பிறகு அடிச்சால் அந்தப் புள்ளிக்கு என்ன பயன்? புள்ளி தெரியிற நேரம் அந்தச் சுற்று முடிஞ்சு போச்சு. அதிலிருந்து ஆயிரக்கணக்கில் புது வித்திகள், எங்கட நெல்லிலேயே கட்டின சோறோட கிளம்பும்.

அதனால் என்ர கருத்து இதுதான். மருந்து வேணுமா வேணாமா எண்டது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி, எப்ப, ஏன் எண்டது. யூரியா அளவுக்கு மிஞ்சினால் எரிபந்தம் கூடும். எரித்த உமி போட்டால் அதிலுள்ள சிலிக்கா பயிருக்கு இந்த நோயைத் தாங்கிற பலத்தைக் கொடுக்கும். இதையெல்லாம் காரணத்தோட விவசாயிக்குச் சொல்ல வேணும். போத்தல் பெயரை மட்டும் சொல்லி அனுப்பினால், அவர் அடுத்த போகமும் புள்ளியைக் கண்ட பிறகுதான் கடைக்கு ஓடுவார்.

உயிரியல் படிச்ச நாங்கள் கொழுப்பமிலத்தைச் சோதனைத்தாளில் எழுதிப்போட்டு மறந்திட்டம். தம்பலகாமத்தில் அதுக்கு வேலை இருக்கு.