கோழிக்குஞ்சுகளின் ஜல பாத்திரம்

1998-ஆம் ஆண்டில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் மோட்டார் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. 2010-இல் ஒரகடத்தில் மற்றொரு பெரிய மோட்டார் தொழிற்சாலை எழுந்தது. இவற்றின் இடையே ஸ்ரீபெரும்புதூர்ச் சுற்றுப்புறத்தில் ஏரிப்பாசன நிலங்கள் பல தொழிற்பேட்டைகளாக மாறிவிட்டபோதிலும், எஞ்சிய நிலத்தை வைத்துப் பயிரிடும் குடித்தனங்களில் கோழி வளர்ப்பு இன்னும் நின்றுபோகவில்லை. நெல்லும் உமியும் வீட்டிலேயே உள்ளன. நாட்டுக்கோழிக்கு நல்ல விலையும், அருகிலேயே வாங்குவோரும் உண்டு. சர்க்கார் திட்டங்களின் மூலமாகவும் கிராம ஸ்திரீகளுக்குக் குஞ்சுகள் வழங்கப்பட்டு வந்திருக்கின்றன. ஆகவே குஞ்சு கிடைப்பது கஷ்டமன்று. கிடைத்த குஞ்சு கோழியாவதே கஷ்டமாக இருக்கிறது.

முதல் மூன்று வாரங்களில் குஞ்சுகள் மடியும்போது, வெயிலின்மீதும், குஞ்சு கொடுத்தவர்மீதும், கண்ணுக்குத் தெரியாத வியாதியின்மீதும் குற்றம் சுமத்துவது வழக்கம். தரையில் சாய்ந்து கிடக்கும் ஜல பாத்திரத்தை எவரும் குற்றவாளியாக நிறுத்துவதில்லை. விசாரித்துப் பார்த்தால் பல சமயங்களில் முதற் குற்றவாளி அதுவேயாகும்.

பாட்டனார் காலத்தில் கொட்டாங்கச்சியில் ஜலம் வைத்தே கோழி வளர்க்கவில்லையா என்று கேட்பவர் உளர். வளர்த்தது உண்மைதான். ஆனால் அக்காலத்துக் குஞ்சு தாய்க்கோழியுடன் திரிந்தது. நனைந்தால் தாயின் சிறகுக்குள் புகுந்து உலர்ந்துகொண்டது; இரவில் பஞ்சாரத்தின் கீழ்த் தாயின் வெப்பத்தில் உறங்கிற்று. இப்பொழுது விலைக்கும் மானியத்துக்கும் கிடைக்கும் குஞ்சோ, பெரும்பாலும் பொரிப்பு யந்திரத்தில் பிறந்து தாயின் முகமே அறியாதது. அதற்கு முதல் வாரத்தில் ஏறக்குறைய 95 டிகிரி பாரன்ஹீட் உஷ்ணம் வேண்டும்; பின்னர் வாரந்தோறும் 5 டிகிரி குறைத்து வரலாம். மின்சார விளக்கு அவ்வுஷ்ணத்தைத் தருமேயன்றி, நனைந்த குஞ்சைத் துடைத்து உலர்த்தாது. நனைந்த குஞ்சு குளிரால் நடுங்கி மற்றவற்றின் நடுவே நுழைகிறது. அவையும் ஒன்றன்மேல் ஒன்றாய் ஏறி நெருங்குகின்றன. அடியில் அகப்பட்டவை மூச்சுத் திணறி மடிகின்றன. கவிழ்ந்தது ஒரு கிண்ணமே. காலையில் அள்ளி எறிய நேர்வது ஐந்தோ பத்தோ குஞ்சுகளாக இருக்கக்கூடும்.

கொட்டாங்கச்சியின் குறை அதன் அடிப்பாகம் உருண்டையாயிருப்பது. ஒரு குஞ்சு விளிம்பில் கால் வைத்தாலே அது சாயும். வாயகன்ற கிண்ணம் சாயாது. ஆனால் ஆழமுள்ளதாயின் ஒரு நாட்குஞ்சு அதில் விழுந்து இறந்துபோகும். கிண்ணமே வைக்க நேர்ந்தால், அதில் கழுவிய கூழாங்கற்களைப் பரப்பி, அலகு நனையும் அளவுக்கே ஜலம் நிற்கச் செய்ய வேண்டும்.

தலைகீழாய்க் கவிழ்த்து வைக்கும் ஜலபாத்திரமே குஞ்சுகளுக்கு உத்தமமானது. கடையில் வாங்க விருப்பமில்லாதவர் குயவரிடம் சொல்லி மண்ணிலேயே செய்துகொள்ளலாம். ஒரு சிறு பானையின் வாய் விளிம்புக்குச் சற்று மேலே ஒரு துவாரமிட்டு, ஜலம் நிரப்பித் தட்டில் கவிழ்த்தால் முடிந்தது. தட்டின் விளிம்பு அத்துவாரத்தைவிட உயரமாக இருப்பது மட்டும் அவசியம். தட்டில் ஜலம் துவாரத்தை மூடும்வரை உயர்ந்ததும் உள்ளே காற்றுப் புக வழியில்லை. காற்றுப் புகாதவரை ஜலமும் இறங்காது. குஞ்சுகள் குடிக்கக் குடிக்க, குறைந்த அளவே இறங்கி நிரம்பும். இதன் சூட்சுமம் முழுவதும் பாத்திரம் சமமாக நிற்பதில்தான் இருக்கிறது. ஒரு பக்கம் சாய்ந்து துவாரம் ஜலமட்டத்துக்கு மேலே வந்துவிட்டால், காற்று உட்புகுந்த வண்ணமாக இருக்கும். பானை காலியாகும்வரை ஜலம் தட்டைத் தாண்டி உமியில் வழிந்துகொண்டே இருக்கும். பாத்திரம் கெட்டுவிட்டதென்று அதைத் தூக்கி எறிபவர்கள் பெரும்பாலும் தரையைச் சமப்படுத்தத் தவறியவர்களே. உமியின்மேல் நேராக வைத்தால், குஞ்சுகள் கிளறும்போது ஒரு பக்கம் பள்ளம் விழும். ஆகவே அடியில் ஒரு செங்கல்லையோ பலகையையோ சமமாகப் பதித்து, அதன்மீது வைக்க வேண்டும். குஞ்சு வளர வளரத் தட்டின் விளிம்பு அதன் முதுகின் உயரத்துக்கு வரும்படி கல்லின்மேல் கல்லாக உயர்த்திச் சென்றால், ஜலத்தில் உமியும் எச்சமும் விழுவது குறையும். ஐம்பது குஞ்சுகளுக்கு இரண்டு லிட்டர் கொள்ளும் பாத்திரம் ஒன்று போதும். இரண்டு வைப்பது நலம்.

நனைந்த உமியின் தீங்கு குளிருடன் முடிவதில்லை. இரத்தக் கழிச்சலை உண்டாக்கும் நுண்ணுயிரின் முட்டைகள் எச்சத்தில் வெளிப்படும்போது நோய் தரும் ஆற்றல் அற்றவை. ஈரமும் கதகதப்பும் வாய்த்தால் ஓரிரு நாட்களிலேயே அவை அவ்வாற்றலைப் பெறுகின்றன. குஞ்சு வளர்க்கும் கொட்டிலில் கதகதப்பு எப்பொழுதும் உண்டு. ஈரத்தைச் சேர்த்துக் கொடுப்பது சாய்ந்த பாத்திரம். அம்முட்டைகள் சாதாரணக் கிருமிநாசினிகளுக்கு அழிவதில்லை என்பதால், உமியை உலர்ந்த நிலையில் வைப்பதே முதற் காப்பு. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இதற்கு இருமடங்கு சிரத்தை தேவை.

மருந்து வாங்கி ஜலத்தில் கரைத்துவிட்டால் போதுமென்று எண்ணுவது தவறு. கால்நடை மருத்துவர் சொல்லாமல் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளைக் கோழிகளுக்குக் கொடுக்கும் வழக்கம் கண்டிக்கத்தக்கது. அவ்வழக்கத்தின் தீமை கருதியே இந்திய அரசாங்கம் 2019-இல் கோலிஸ்டின் என்ற மருந்தை உணவுக்கான பிராணிகளுக்கு உபயோகிப்பதைத் தடைசெய்தது. நாள்தோறும் பாத்திரம் கழுவாதவர் மருந்துக்குச் செலவிடும் பணம் வீண்.

கழுவுவதென்பது பழைய ஜலத்தைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றுவதன்று. பாத்திரத்தின் உட்புறத்தை விரலால் தடவினால் ஒரு வழுக்கல் தெரியும். கிருமிகள் குடியிருப்பது அதில். தேங்காய் நாரினாலோ தூரிகையினாலோ அதைத் தேய்த்து எடுத்து, வெயிலில் காயவைக்க வேண்டும். இரண்டு பாத்திரங்கள் இருந்தால், ஒன்று காயும்போது மற்றொன்று வேலை செய்யும். ஜலத்தில் பிளீச்சிங் பவுடர் கலப்பவர்கள் ஒரு விஷயத்தை மறத்தலாகாது. வெள்ளைக் கழிச்சல் என்று வழங்கும் ராணிகேத் நோய்க்கான தடுப்பு மருந்தைக் குடிஜலத்தில் கொடுக்கும் நாளில் அப்பவுடர் சிறிதும் இருக்கக்கூடாது. அது தடுப்பு மருந்தைக் கொன்றுவிடும். அன்று பாத்திரம் கவிழ்ந்தாலோ மருந்து உமிக்குப் போய்ச் சேரும். குஞ்சுக்குக் காப்பு இராது. தடுப்பு மருந்து போட்டாயிற்றென்ற நம்பிக்கை மட்டும் வீட்டாரிடம் மிஞ்சும்.

இப்பிரதேசத்துக்கே உரிய இரண்டு விஷயங்களைக் குறிப்பிட வேண்டும். முதலாவது, தொழிற்சாலைகளிலிருந்து பழைய சாமான் கடைகளுக்கு வரும் பிளாஸ்டிக் வாளிகளும் பீப்பாய்களும். வர்ணமும் எண்ணெயும் இரசாயனமும் இருந்த பாத்திரத்தை எத்தனை முறை கழுவினாலும் குஞ்சுக்கு ஜலம் வைக்க உபயோகிக்கலாகாது. மலிவு என்பது இங்கே ஒரு நியாயமன்று. இரண்டாவது, வீட்டில் ஆள் இல்லாமை. முன்பு வயலுக்குச் சென்றவர் நடுவில் வீடு வந்து போவார். இன்று ஷிப்டு வேலைக்காக விடியற்காலையில் தொழிற்சாலைப் பேருந்து ஏறுபவர் மாலையிலேதான் திரும்புகிறார். காலை எட்டு மணிக்குக் கவிழ்ந்த பாத்திரம் பகல் முழுவதும் காலியாய்க் கிடக்கும். சித்திரை வெயிலில் குஞ்சுகள் அவ்வளவு நேரம் தாங்கா. ஆள் இருக்கும் வீட்டில் சாயும் பாத்திரம் ஓர் அசௌகரியம். ஆள் இல்லாத வீட்டில் அதுவே நாசம்.

இந்நிலையில், குஞ்சு வழங்கும் திட்டங்களின் வெற்றியை வழங்கிய குஞ்சுகளின் தொகையைக் கொண்டு கணக்கிடுவது போதாது. ஒரு மாதம் கழித்து எத்தனை உயிருடன் உள்ளன என்பதே கணக்கு. குஞ்சுகளைக் கூடையில் கொடுத்தனுப்பும்போதே, ஒவ்வொரு குடும்பத்துக்கும் சமமாக நிற்கும் ஜல பாத்திரம் இரண்டையும் கொடுப்பது முறையாகும். செலவு கூடுமென்று ஆட்சேபிப்பவர்கள், மடிந்த குஞ்சுகளின் விலையையும் அச்செலவில் சேர்த்துப் பார்க்க வேண்டும். பாத்திரம் வைக்கும் முறையை நேரில் காட்டுவதற்குத் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. காட்டுப்பாக்கத்தில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி ஸ்தாபனமும் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கின்றன. நிலமுடைய குடித்தனக்காரர்கள் தம் வீட்டில் முதலில் இதைச் செய்து காட்டினால், அண்டை அயலார் பார்த்துக் கற்பார்கள்.

கிராம அதிகாரிகள் வேறு காரியமாக ஒரு வீட்டுக்குப் போகும்போது கொட்டிலையும் எட்டிப் பார்க்கலாம். புஸ்தகமும் பதிவேடும் வேண்டியதில்லை. ஜல பாத்திரத்தைச் சுற்றியுள்ள உமியில் ஒரு பிடி அள்ளி இறுக்கினால் போதும். கையைத் திறந்ததும் உமி உதிர்ந்தால் சரி. உருண்டையாய் நின்றால், அந்த உமியை அப்பொழுதே அகற்றி, அடிச் செங்கல்லைச் சமப்படுத்தச் சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகலாம்.