நீ யாருன்னு கேட்காதே, வேலையைச் சொல்!

கணினி பத்தி எழுதியிருக்கான்னு அடுத்த தாளுக்குப் போயிடாதீங்க. இது நம்ம மார்க் சம்பந்தப்பட்டது.

நம் கணினி அறையில் பத்தாம் வகுப்பு அண்ணன்மார் பைத்தான் மொழியில் வினாடி வினா நிரல் எழுதுகிறார்கள். அதில் சரியா தவறா, கோடிட்ட இடம், பொருத்துக என ஒவ்வொரு வகையும் ஓர் இனக்குழு. ஒவ்வொரு வினாவும் ஒரு பொருள். விடை திருத்தும்போது நிரல் அந்தப் பொருளைப் பார்த்து, "நீ கோடிட்ட இடமா? இல்லையா? அப்போ பொருத்துகவா?" என்று வரிசையாகக் கேட்கிறது. இப்படிக் கேட்கும் செயற்கூறுக்கு ஐஸ்இன்ஸ்டன்ஸ் என்று பெயர். ஜாவாவில் இதே வேலைக்கு இன்ஸ்டன்ஸ்ஆஃப். எதிலும் சேராத வினாவுக்குப் பூஜ்யம்!

நாளைக்கு 'வரிசைப்படுத்துக' சேர்த்தால்? திருத்தும் இடம், மார்க் கூட்டும் இடம், திரையில் காட்டும் இடம் எல்லாத்துலயும் இன்னொரு கேள்வி சேர்க்கணும். திருத்தும் இடத்தில் விட்டுப்போனால், சரியா எழுதினவங்களுக்கும் பூஜ்யம்தான். பிழைச் செய்திகூட வராது.

வினாவிடமே "இந்த விடையைத் திருத்து" என்றால் போதுமே! ஒவ்வொன்றும் தன் முறைப்படி திருத்தும். இதைத்தான் பல்லுருவாக்கம் என்கிறார்கள். திருத்தத் தெரியாத வினா வந்தால் பைத்தான் அங்கேயே பிழை காட்டி நின்றுவிடும். கமுக்கமா பூஜ்யம் போடறதுக்கு அது எவ்வளவோ மேல்.

(கண்காட்சிக்குப் பேர் கொடுக்கப் போனாலும் "பொண்ணா? அப்போ கோலம் போடு"ங்கிறாங்க. சர்க்யூட் செய்யத் தெரியுமான்னு யாரும் கேக்கறதில்ல. அதுவும் இதே கதைதான்.)

1960களில் நார்வேயில் டால், நைகார்ட் இருவரும் உருவாக்கிய சிமுலா மொழியிலேயே இந்தச் சோதனை உண்டு. அங்கே இதைத் தவறாகப் பயன்படுத்தியதைப் பார்த்துத்தான், சி பிளஸ் பிளஸ் உருவாக்கிய ஸ்ட்ரௌஸ்ட்ரப் முதலில் தன் மொழியில் இதை வைக்கவே இல்லை. 1990களில்தான் சேர்த்தார்கள். ஆளாளுக்குத் தனித்தனியா ஒண்ணு செஞ்சுக்கிட்டதும் ஒரு காரணம்.

கேட்டே ஆகவேண்டிய இடமும் இருக்கு. வயது என்ற கட்டத்தில் எண் வந்ததா, எழுத்து வந்ததா என்று வாசலிலேயே ஒருமுறை பார்க்கலாம். அதிலும் உஷார்! பைத்தானில் 'ட்ரூ' முழு எண்ணான்னு ஐஸ்இன்ஸ்டன்ஸிடம் கேட்டால் "ஆமாம்" என்கும். ஏன்னா அங்கே பூல் இனக்குழு, இன்ட் இனக்குழுவோட பிள்ளை.

அண்ணன்மாரே, மார்க் போடும் இடத்திலாவது அந்தக் கேள்வி வரிசையை எடுத்துடுங்க. வெள்ளிக்கிழமை போட்டிக்கு முன்னாடியே!

– ஒன்பதாம் வகுப்பு மாணவி