பிரேக் ‘கீச்’சிட்டால்…

பிரேக் பிடிக்கையில் ‘கீச்’சென்ற சத்தம் தொடர்ந்து வருகிறதா? ரேடியோவைக் கூட்டி மறைத்துவிடாதீர்கள், சகோதரிகளே! பிரேக் பேட் தேய்ந்துவிட்டதை அறிவிக்கவே பல கார்களில் ஒரு சிறு தகடு உண்டு. சில்லோடு சுழலும் டிஸ்க்கில் அது உரசும் சத்தமாக இருக்கலாம். உடனே காட்டினால் பேட் செலவோடு போகும். ‘கரகர’வென இரும்போடு இரும்பு உரசும்வரை விட்டால் டிஸ்க்கும் பழுதாகும், செலவு பல மடங்கு. பேட்டின் தடிப்பு 3 மில்லிமீட்டருக்கு இறங்கினாலே மாற்றுவதுதான் புத்தி.

கராஜில் “டிஸ்க்கையும் மாத்த வேணும்” என்றால், அளந்து காட்டச் சொல்லுங்கள். குறைந்தபட்சத் தடிப்பு பெரும்பாலும் டிஸ்க்கிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். கேட்பதில் என்ன வெட்கம்? ஒரு சில்லுக்கு மட்டும் பேட் போட்டு மிச்சம் பிடிக்கும் யோசனை மட்டும் வேண்டாம். பிரேக் பிடித்ததும் கார் ஒரு பக்கம் இழுக்கும். முன் சில்லுகள் இரண்டுக்குமோ, பின் சில்லுகள் இரண்டுக்குமோ சேர்த்தே மாற்றுங்கள். கழற்றிய பழைய பேட்டையும் கேட்டு வாங்கிப் பாருங்கள்.