ஒன்றேகால் ஏக்கரில் பன்னிரண்டு மாசப் பூ



போன இதழைப் படித்துவிட்டு ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "உங்களுக்கென்ன, வீட்டைச் சுற்றிப் பூ! கொடுத்து வைத்தவர். ஆனால் ஒன்றேகால் ஏக்கர் பூவை நம்பி ஒரு குடும்பம் நடத்த முடியுமா? ஒளிக்காமல் சொல்லுங்கள்."

ஒளிப்பானேன்? முடியும். ஆனால் ஒரே பூவை நம்பினால் முடியாது. மருந்துக் கடையை நம்பினாலும் முடியாது. இந்த இரண்டையும் நாங்கள் எப்படிக் கற்றுக்கொண்டோம் என்பதுதான் இந்த இதழ்க் கதை.

எங்கள் ஊர் நிலக்கோட்டைப் பக்கம். ஒரு கிணறு, இரண்டு மாடு, ஒன்றேகால் ஏக்கர் செம்மண். என் மாமனார் காலத்தில் வரப்பு முதல் வரப்பு வரை குண்டுமல்லிதான். ராமநாதபுரம் தங்கச்சிமடத்திலிருந்து பதியன் வாங்கி வந்து நட்டாராம். எங்கள் பக்கத்து மல்லிகைத் தோட்டங்களுக்கெல்லாம் அதுதான் தாய்வீடு. மதுரை மல்லிக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது ஊரே பெருமைப்பட்டது.

பெயர் பெரிசுதான். ஆனால் முகூர்த்த நாள் எது என்று செடிக்குத் தெரியுமா? மல்லிகை வெயிலுக்குப் பூக்கிற செடி. பங்குனி, சித்திரை, வைகாசியில் கொட்டோ கொட்டென்று கொட்டும். நம் தோட்டம் மட்டுமா, எல்லார் தோட்டமும் ஒரே நாளில் கொட்டும். விலை சரிந்து, சில நாள் பறிப்புக் கூலிக்கே பற்றாது. மார்கழி, தைப் பனியில் செடி சும்மா நிற்கும். அப்போது கிலோ ஆயிரக்கணக்கில் விலை ஏறும். பொங்கல் சமயத்தில் 'மல்லிகை விலை கிடுகிடு' என்று பேப்பரில் போடுவார்கள் பாருங்கள், அந்த விலையை நாங்களும் பேப்பரில்தான் பார்க்கிறோம்! விற்க மொட்டு இருந்தால்தானே?

2020-ம் வருஷம் மார்ச் 25-ல் ஊரடங்கு வந்தது. மல்லிகை பொங்கி வருகிற நேரம். கோவில் இல்லை, கல்யாணம் இல்லை, பஸ் இல்லை, பூ மார்க்கெட் இல்லை. மல்லிகை கறந்த பால் மாதிரி. இன்றைக்குப் பறித்தது இன்றைக்கே போயாக வேண்டும். செடியில் விட்டாலும் சாயந்திரம் விரிந்து மறுநாள் வாடிவிடும். கூடை கூடையாகக் குப்பைக் குழியில் கொட்டினோம். எரு மணக்க மணக்க மக்கியது. சிரிப்பதா அழுவதா சொல்லுங்கள்!

அந்த வருஷம்தான் என் வீட்டுக்காரரும் நானும் திண்ணையில் உட்கார்ந்து, பையனுடைய பழைய நோட்டில் கோடு போட்டு, நிலத்தைப் பங்கு பிரித்தோம்.

மாதத்துக்கு ஒரு பூ

மல்லிகைக்கு அரை ஏக்கர், அவ்வளவுதான். கார்த்திகையில், அதாவது நவம்பர் கடைசி வாரத்தில், முழங்கால் உயரத்துக்குக் கவாத்து செய்து, தொழு உரம் வைத்து விட்டுவிடுவோம். மாசிக் கடைசியில் மொட்டு தலைகாட்டும்.

கால் ஏக்கரில் சம்பங்கி. ஆனி, ஆடியில் கிழங்கு ஊன்றினால் மூன்று நான்கு மாதத்தில் பூ வரும். அப்புறம் இரண்டு மூன்று வருஷத்துக்கு அநேகமாக வருஷம் முழுக்கப் பூ இருக்கும். உதிரியாகப் பறித்தால் மாலைக்கு. தண்டோடு வெட்டினால் ஜாடிக்கும் கல்யாண மேடைக்கும். எங்கள் வீட்டில் இது கறவை மாடு மாதிரி. கொஞ்சம் கொஞ்சமாகத் தரும், ஆனால் தினமும் தரும்.

இன்னொரு கால் ஏக்கரில் செண்டுமல்லி. ஆயுத பூஜைக்கு மூன்று மாதம் முன்னால் எண்ணிக்கொண்டு விதை போட வேண்டும். ஒரு மாதம் நாற்று, நட்டு இரண்டு மாதத்தில் பூ. நட்ட ஒரு மாதத்தில் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளை வெடித்து, பூ இரட்டிப்பாகும். அதே கணக்கில் பொங்கலுக்கும் ஒரு முறை.

மீதிக் கால் ஏக்கரில் செவ்வந்தியும் கனகாம்பரமும். செவ்வந்தி பகல் குறுகும்போது பூக்கிற செடி. ஆடியில் நட்டது கார்த்திகை, மார்கழியில் மஞ்சள் மஞ்சளாய் நிற்கும். மல்லிகை தூங்குகிற மாதத்தில் அடுப்பு எரிவது இதனால்தான். முருங்கை நிழல் விழுகிற பாத்திகளில் கனகாம்பரம். வரப்போரம் கோழிக்கொண்டை, வாடாமல்லி, துளசி.

சம்பங்கியும் செண்டுமல்லியும் மெக்சிகோ நாட்டிலிருந்து வந்தவை என்றால் நம்புவீர்களா? நம் ஊர்க் கோவில் மாலையில் பார்த்தால் அப்படியா தெரிகிறது? நாலு தலைமுறை வாழ்ந்த மருமகள்கள் மாதிரி அல்லவா இருக்கின்றன! இவை இரண்டுக்கும் இன்னொரு உறவும் உண்டு. சம்பங்கி, கனகாம்பரம் வேரில் கண்ணுக்குத் தெரியாத நூற்புழு தாக்கும். செண்டுமல்லி வேரிலிருந்து வரும் ஒரு பொருள் அந்தப் புழுவுக்கு ஆகாது. அதனால் சம்பங்கியை எடுத்த இடத்தில் செண்டுமல்லியும், செண்டுமல்லி நின்ற இடத்தில் சம்பங்கியும் மாற்றி மாற்றி வைக்கிறோம்.

பறிக்கிற கை

இனி மருந்துக் கதைக்கு வருகிறேன். இது கொஞ்சம் கசப்பானது.

மல்லிகைக்கு முதல் எதிரி மொட்டுப்புழு. மொட்டைத் துளைத்து உள்ளே புகுந்துவிடும். மொட்டு ஊதா நிறமாகி உதிரும். எங்கள் பக்கம் வாரம் தவறாமல் மருந்தடிக்கிற தோட்டங்கள் உண்டு. நெல்லுக்கு மருந்தடித்தால் அறுவடைக்குப் பல நாள் இடைவெளி இருக்கும். மல்லிகைக்கு ஏது இடைவெளி? நேற்று அடித்தால் இன்றைக்குப் பறித்தாக வேண்டும். பறிப்பது யார்? பெண்கள்தான். விடியற்காலை நாலு மணிக்கு நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு, பனி ஈரத்தோடு, வெறும் விரலால் மொட்டு மொட்டாகக் கிள்ளுகிறோம். அந்தக் கையோடுதான் இடுப்புப் பிள்ளையைத் தூக்குகிறோம், தூக்குச் சட்டியைத் திறக்கிறோம்.

கத்தரிக்காயைக் கழுவுகிறோம். கீரையை மூன்று தண்ணீரில் அலசுகிறோம். பூவை யாராவது கழுவுகிறோமா? அப்படியே தலையில் வைக்கிறோம். குழந்தை இழுத்து வாயில் வைக்கும். பிள்ளைக்குப் பால் மறக்கடிக்க மார்பில் மல்லிகையை வைத்துக் கட்டுகிற வழக்கம் இன்றும் உண்டு. யோசித்துப் பாருங்கள்.

2021 சித்திரையில் என் மூத்த மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். தோட்டத்தில் மொட்டுப்புழு கண்டிருந்தது. வைகாசி முகூர்த்தம் நெருங்குகிறது. என் வளையலும் சங்கிலியும் அடகில் இருந்தன; அந்தப் பூவை வைத்துத்தான் மீட்பதாகப் பேச்சு. என் வீட்டுக்காரர் மருந்துப் புட்டியோடு வந்து நின்றார்.

"இந்தப் பூவும் போச்சுன்னா நகையை எப்படி மீட்கிறது?" என்றார். அவர் கேட்டதில் தப்பே இல்லை.

"பறிக்கப் போறது யாருங்க? நானும், நம்ம தெருவுல நாலு பொம்பளைங்களும். இவளும் சும்மா இருக்க மாட்டா, கூடையைப் பக்கத்துல வெச்சு ஆய உட்கார்ந்துடுவா. என் கையில படட்டும்னா கூடப் பரவாயில்லை, இவ கையில படலாமா?" என்றேன்.

"சரி, பாதிக்கு மட்டும் அடிக்கிறேன்."

"பாதியில அடிச்சாலும் பறிக்கிற கை ஒரே கைதானே?"

பதில் இல்லை. திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த என் மாமியார்தான் வாயைத் திறந்தார். "அவ சொல்றது சரிதாண்டா. அந்தக் காலத்துல புட்டியா வாங்கினோம்? வேப்பங்கொட்டையைத்தானே இடிச்சோம்!"

புட்டி கடைக்கே திரும்பிப் போனது. வேப்பங்கொட்டை உரலுக்கு வந்தது.

உடனே எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கு ஆசைதான். ஆகவில்லை. அந்தப் பருவத்தில் மூன்றில் ஒரு பங்கு மொட்டு புழுவுக்குப் போயிற்று. நகை அந்த வருஷம் மீளவில்லை, வட்டிதான் கட்டினோம். பேத்தி பிறந்த சந்தோஷத்தில் வெறும் கழுத்து தெரியவில்லை என்றும் சொல்ல மாட்டேன், பெயர் சூட்டும் நாளில் நன்றாகவே தெரிந்தது! அடுத்த வருஷம் புழு குறைந்தது. நகையை மீட்டது மல்லிகை அல்ல. ஆயுத பூஜைச் செண்டுமல்லியும், பொங்கல் செவ்வந்தியும், தினப்படி சம்பங்கியும் சேர்ந்து 2023 தை மாதம் மீட்டுக் கொடுத்தன.

நாங்கள் செய்கிற பக்குவம்

வேப்பங்கொட்டைக் கரைசல்: ஐந்து கிலோ வேப்பம் பருப்பை இடித்து, துணியில் முடிந்து, பத்து லிட்டர் தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறப் போடுங்கள். காலையில் பிழிந்து வடிகட்டி, 100 லிட்டராக்கி, இலையில் ஒட்டுவதற்குக் கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் சேர்த்து, வெயில் தாழ்ந்தபின் தெளிக்க வேண்டும். வீட்டுத் தொட்டிச் செடிக்கு ஐம்பது கிராம் பருப்பும் ஒரு லிட்டர் தண்ணீரும் போதும். அன்றன்றைக்குச் செய்ததை அன்றன்றைக்கே தீர்த்துவிடுங்கள். புழு விழுந்த மொட்டைத் தரையில் போடாமல் பொறுக்கி எரித்துவிட வேண்டும். பாதி மருந்து அதுதான்.

ஜீவாமிர்தம்: பத்து கிலோ பசுஞ்சாணம், ஐந்து முதல் பத்து லிட்டர் கோமியம், இரண்டு கிலோ வெல்லம், இரண்டு கிலோ பயறு மாவு, ஒரு பிடி வரப்பு மண். இவற்றை 200 லிட்டர் தண்ணீரில் கலந்து, நிழலில் இரண்டு நாள், அவ்வப்போது கிளறி வையுங்கள். ஒரு ஏக்கருக்குப் பாசனத் தண்ணீரோடு விடலாம்.

தண்ணீருக்குச் சொட்டு நீர்க் குழாய் போட்டிருக்கிறோம். தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகளுக்கு இதற்கு முழு மானியம் உண்டு. தாசில்தாரிடம் சிறு விவசாயிச் சான்றிதழ் வாங்கி, வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். நிலம் யார் பேரில் என்று கேட்பார்கள். உங்கள் பேரில் ஒரு பங்காவது இருக்கட்டும், சகோதரிகளே. அது வேறொரு இதழுக்கான சங்கதி!

விலை என்ன கிடைக்கிறது?

மருந்தடிக்காத பூவுக்கு மண்டியில் தனி விலை கிடையாது. எல்லாப் பூவும் ஒரே தராசு, ஒரே கமிஷன். அப்படியானால் லாபம் எங்கே? மருந்துக்கும் மூட்டை உரத்துக்கும் போன பணம் வீட்டிலேயே நிற்கிறது. விலை படுத்த நாளில் மண்டிக்கு அனுப்பாமல், எங்கள் தெருப் பெண்கள் மூன்று பேரும் நானும் வாழை நாரில் தொடுத்து முழம் கணக்கில் பக்கத்து ஊர்களில் விற்கிறோம். கிலோவாகப் போனால் கூலிக்குப் பற்றாத பூ, முழமாகப் போனால் நாலு வீட்டுக்கும் காய்கறிச் செலவைத் தருகிறது. பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும் என்பது எங்கள் கணக்கு நோட்டிலும் உண்மை!

லட்சம் லட்சமாக வருகிறதா என்றால், இல்லை. ஆனால் போன வருஷ நோட்டைப் புரட்டினால் வரவே இல்லாத மாதம் ஒன்றுகூட இல்லை. குடும்பம் நடத்துகிறவளுக்கு அதுதானே வேண்டும்? மளிகைக் கடைக்காரர் நமக்காக வைகாசி வரை காத்திருப்பாரா?

பட்டணத்துச் சகோதரிகளுக்கு

மொட்டை மாடியில் நல்ல வெயில் படுகிற இடம் இருந்தால் ஒரு பெரிய தொட்டியில் குண்டுமல்லி வையுங்கள். கார்த்திகையில் தயங்காமல் வெட்டி விடுங்கள். வெட்டாத செடி இலையாக வளரும், பூக்காது. வாங்கிய பூவை ஈரத்துணியிலோ வாழை இலையிலோ சுற்றி வையுங்கள். சம்பங்கித் தண்டை ஜாடியில் வைக்கும்போது அடியைச் சாய்வாக நறுக்கி, தினமும் தண்ணீர் மாற்றுங்கள். கடைப் பூவைத் தொடுத்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுப் பிள்ளைக்குச் சோறு ஊட்டுங்கள். கைக்குழந்தை பூவை வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பூக்காரம்மாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: "மருந்தடிக்காத பூ கிடைக்குமா?" முதல் நாள் சிரிப்பார். பத்துப் பேர் கேட்டால் மண்டியில் போய்ச் சொல்வார். மண்டியில் கேட்டால் எங்கள் ஊரில் கேட்கும்.

கவாத்துக்குப் பிறகு வெட்டிய குச்சியில் பதியன் போடுவது எப்படி என்று அடுத்த இதழில் எழுதுகிறேன். தொட்டியும் மண்ணும் தயாராக வையுங்கள்.