நீலப் புகை வந்தால் என்ஜினைப் பிரிக்க வேண்டுமா?

மோட்டார் காருக்கு வாய் கிடையாது. ஆனால் உடம்பு சரியில்லை என்றால் அது சொல்லாமல் இருப்பதில்லை. சத்தத்தால் சொல்லும். வாடையால் சொல்லும். புகையாலும் சொல்லும்.

காலையில் சாவியைத் திருப்பியதும் சில கார்களின் பின்குழாயில் இருந்து குப்பென்று நீலப் புகை கிளம்புகிறது. ஒரு நிமிடம் கழித்துப் பார்த்தால் புகையைக் காணோம்! கார் ஒன்றும் நடக்காதது போல ஓடுகிறது.

இதைப் பார்த்ததும் பலர் சொல்லும் தீர்ப்பு என்ன தெரியுமா?

"என்ஜின் போச்சு! இறக்க வேண்டியதுதான்!"

இந்தத் தீர்ப்பு பல நேரங்களில் தவறானது. அவசரப்பட்டு என்ஜினைப் பிரித்து, சேமித்து வைத்த பணத்தைக் கரைப்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு வாடகைக் காரை நம்பிப் பிழைக்கும் குடும்பத்துக்கு இது சிறிய நஷ்டமா? கார் பட்டறையில் நிற்கும் நாட்களில் வருமானம் நின்றுவிடும். கடன் தவணை நிற்காது!

ஆகவே, முதலில் சோதனை. பிறகுதான் ஸ்பானர். இதுவே நியாயமான முறை.

மூன்று நிறங்கள்

புகையின் நிறத்தைப் பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

கறுப்புப் புகை வந்தால், எரிபொருள் தேவைக்கு மேல் போகிறது என்று பொருள். அடர்ந்த வெள்ளைப் புகை விடாமல் வந்தால், என்ஜினைக் குளிர வைக்கும் தண்ணீர் உள்ளே கசிகிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். குளிர்ந்த காலை வேளையில் கொஞ்ச நேரம் வரும் மெல்லிய வெள்ளை ஆவிக்குப் பயப்பட வேண்டாம். அது வெறும் நீராவி.

நீலப் புகை என்றால்? என்ஜின் எண்ணெய் எரிகிறது!

எண்ணெய் என்ஜினின் பாகங்களை வழுவழுப்பாக வைத்திருக்க ஊற்றப்படுவது. அது பெட்ரோலோடு சேர்ந்து எரியக் கூடாது. எரிகிறது என்றால், போகக் கூடாத இடத்துக்கு அது போயிருக்கிறது.

பழைய லாம்பரெட்டா ஸ்கூட்டர் போன்ற வண்டிகள் இதற்கு விலக்கு. அவற்றில் பெட்ரோலோடு எண்ணெயைக் கலந்தே ஊற்றுவார்கள். அங்கே கொஞ்சம் நீலப் புகை வருவது இயற்கை. காரில் அப்படி அல்ல.

எண்ணெய் போகும் வழி

காரின் சிலிண்டருக்குள் எண்ணெய் புகுவதற்கு முக்கியமாக இரண்டு வழிகள் உண்டு. ஒன்று மேலே இருந்து. மற்றொன்று கீழே இருந்து.

சிலிண்டருக்கு மேலே வால்வுகள் இருக்கின்றன. கதவு போலத் திறந்து மூடுவது அவற்றின் வேலை. என்ஜின் நிமிடத்துக்கு 4,000 தடவை சுற்றினால், ஒவ்வொரு வால்வும் 2,000 தடவை திறந்து மூடும். அதன் தண்டுக்கு எண்ணெய் வேண்டும். ஆனால் அந்த எண்ணெய் கீழே இறங்கிவிடக் கூடாது. அதற்காகத் தண்டைச் சுற்றி ஒரு சிறு ரப்பர் வளையம் போடுகிறார்கள். அதுதான் 'வால்வு சீல்'.

கீழே இருப்பது பிஸ்டன். அதைச் சுற்றிச் சாதாரணமாக மூன்று ரிங்குகள் இருக்கும். கீழ் ரிங், சிலிண்டர் சுவரில் ஒட்டும் எண்ணெயை வழித்து இறக்கிவிடும். ரிங் தேய்ந்தாலோ, கரி பிடித்து இறுகினாலோ எண்ணெய் மேலே ஏறிவிடும்.

வால்வு சீல் கெட்டால் செலவு அவ்வளவாக இல்லை. பல கார்களில் என்ஜினை இறக்காமலே அதை மாற்றலாம். ரிங்கும் சிலிண்டரும் தேய்ந்தால்தான் பெரிய வேலை. என்ஜினை இறக்க வேண்டும். பிரிக்க வேண்டும். சிலிண்டரை 'போர்' போட வேண்டியும் வரலாம்.

புகை ஒன்றுதான். நோய் இரண்டு. வைத்தியமும் இரண்டு. எது என்று தெரியாமல் கை வைக்கலாமா?

இரவில் இறங்கும் துளி

கார் இரவு முழுவதும் நிற்கிறது. வால்வுக்கு மேலே தங்கிய எண்ணெய், கெட்டுப்போன ரப்பர் வழியாக மெல்ல மெல்லக் கீழே இறங்குகிறது. காலையில் என்ஜினைக் கிளப்பியதும் அந்தச் சில துளிகள் எரிகின்றன. நீலப் புகை குப்பென்று வருகிறது. துளிகள் தீர்ந்ததும் புகையும் நின்றுவிடுகிறது.

ஆகவே, கிளப்பும்போது மட்டும் வந்து சீக்கிரம் மறையும் நீலப் புகைக்கு, பெரும்பாலும் வால்வு சீலே காரணம்.

ரப்பருக்கு இரண்டு எதிரிகள் உண்டு. ஒன்று சூடு. மற்றொன்று வயது. அதிகம் ஓடாமல் கொட்டகையில் நிற்கும் காரிலும் ரப்பர் இறுகிப்போகும். அம்பாசிடர், மாருதி 800 ஆகிய இரண்டு கார்களின் உற்பத்தியும் 2014-ம் ஆண்டில் நின்றுவிட்டது. அவற்றை இன்றும் ஆசையாக வைத்திருப்பவர்கள் உண்டு. அந்தக் கார்களில் முதலில் போட்ட ரப்பரே இன்னும் இருந்தால், அதற்கு வயது பத்துக்கு மேல் ஆகிவிட்டது!

எப்போது புகைகிறது?

எவ்வளவு புகை என்பதைவிட, எப்போது புகை என்பதே முக்கியம்.

காலையில் மட்டும் வந்து மறைந்தால், வால்வு சீல்.

மலைச்சரிவில் ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்துவிட்டு இறங்கி, கீழே வந்து மீண்டும் மிதிக்கும்போது குப்பென்று வந்தால், அப்போதும் வால்வுப் பக்கம்தான் சந்தேகம். சரிவில் இறங்கும்போது என்ஜின் உள்ளே பலமாக உறிஞ்சும். அந்த உறிஞ்சலில் எண்ணெயும் இறங்கிவிடும்.

மேடு ஏறும்போதும், வேகம் எடுக்கும்போதும், என்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகும் விடாமல் வந்தால், ரிங் தேய்மானம் என்று பயப்பட இடம் உண்டு. அத்துடன் இழுவையும் குறைந்திருந்தால் சந்தேகம் வலுக்கும்.

இதைத் தெரிந்துகொள்ள எந்தக் கருவியும் வேண்டாம். ஒருவர் காரைக் கிளப்ப, இன்னொருவர் பின்னால் ஒதுங்கி நின்று பார்த்தால் போதும். ஆனால் மூடிய கொட்டகைக்குள் இதைச் செய்யவே கூடாது. கார்ப் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் இல்லாதது. ஆளையே கொன்றுவிடும்! வெட்டவெளியில்தான் சோதிக்க வேண்டும்.

பிளக் சொல்லும் சாட்சி

அடுத்த சாட்சி ஸ்பார்க் பிளக். பெட்ரோல் காரில் நான்கு சிலிண்டர் இருந்தால் நான்கு பிளக் இருக்கும். கழற்றிப் பார்த்தால், எண்ணெய் எரியும் சிலிண்டரின் பிளக் மட்டும் கறுத்து, ஈரப் பசையோடு இருக்கும். ஒரே ஒரு சிலிண்டரில் கோளாறா, எல்லாவற்றிலுமா என்பது தெரிந்துவிடும்.

அதற்கும் அடுத்தது அழுத்தச் சோதனை. 'கம்ப்ரெஷன் டெஸ்ட்' என்று பட்டறைகளில் சொல்வது இதைத்தான். பிளக்கைக் கழற்றிய இடத்தில் அழுத்தமானியைப் பொருத்தி, ஒவ்வொரு சிலிண்டரிலும் எவ்வளவு அழுத்தம் இருக்கிறது என்று பார்ப்பார்கள்.

ஒரு சிலிண்டரில் அழுத்தம் குறைவு என்று வைத்துக்கொள்வோம். பிளக் துவாரம் வழியாகச் சிறு கரண்டி எண்ணெய் விட்டு மறுபடியும் பார்க்க வேண்டும். அழுத்தம் நன்றாக ஏறினால், ரிங் தேய்ந்திருக்கிறது. ஊற்றிய எண்ணெய் அந்த இடைவெளியைக் கொஞ்ச நேரம் அடைத்துவிட்டது! அழுத்தம் ஏறவில்லை என்றால், வால்வு சரியாக மூடவில்லையா என்று பார்க்க வேண்டும்.

எல்லாச் சிலிண்டரிலும் அழுத்தம் சரியாக இருந்து, காலையில் மட்டும் புகை வந்தால்? வால்வு சீல் மீதுதான் பழி. என்ஜினை இறக்கச் சொல்வதற்கு அப்போது என்ன அவசியம்?

சில்லறைக் காரணங்கள்

செலவே இல்லாத காரணங்களும் உண்டு.

எண்ணெயை அளவுக்கு மேல் ஊற்றியிருக்கலாம். கம்பியை இழுத்துத் துடைத்துப் பார்த்தால் மேல் கோட்டைத் தாண்டி நிற்கும். காருக்குச் சொல்லப்பட்டதைவிட நீர்த்த எண்ணெயை ஊற்றியிருக்கலாம். என்ஜினுக்குள் சேரும் வாயு வெளியேற ஒரு குழாயும் சிறு வால்வும் உண்டு. அது அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறி, எண்ணெயைத் தள்ளிவிடும். அதைச் சுத்தம் செய்தாலோ மாற்றினாலோ தீர்ந்துவிடும்.

டீசல் கார் என்றால் இன்னும் கொஞ்சம் நிதானம் வேண்டும். குளிரில் கிளப்பும்போது எரியாத டீசலே வெளுத்த நீலமாகப் புகையும். கண் எரியும். அப்போது முதலில் பார்க்க வேண்டியது ஹீட்டர் பிளக். டர்போ உள்ள காரில், டர்போவில் எண்ணெய் கசிகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

பழைய கார் வாங்குகிறவர்களுக்கு

இந்த விஷயம் தெரியாததால் அதிகம் ஏமாறுகிறவர்கள் யார்? பழைய கார் வாங்குகிறவர்கள்!

காலையில் மட்டும் புகைக்கும் காரை விற்க ஒரு சுலபமான தந்திரம் உண்டு. வாங்க வருகிறவர் வந்து சேருவதற்கு முன்பே என்ஜினைக் கிளப்பிச் சூடாக்கிவிடுவது! பிறகு எத்தனை தடவை கிளப்பினாலும் புகை தெரியாது. கெட்டியான எண்ணெயை ஊற்றிப் புகையை மறைப்பதும் உண்டு.

இதற்கு மாற்று வழியும் சுலபம்தான். "அண்ணே, நாங்கள் வருகிற வரைக்கும் வண்டியைக் கிளப்பாமல் வைத்திருங்கள்" என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். போனதும் என்ஜின் மூடியின் மேல் கையை வைத்துப் பார்க்க வேண்டும். சூடாக இருந்தால், மறுநாள் காலையில் வருவதாகச் சொல்லிவிடலாம்.

"புகைச் சான்றிதழ் இருக்கிறதே!" என்று விற்கிறவர் காட்டலாம். அதை மட்டும் நம்பக் கூடாது. பெட்ரோல் காருக்கு அந்தச் சோதனையில் அளப்பது கார்பன் மோனாக்சைடு, எரியாத ஹைட்ரோகார்பன் போன்றவற்றை. அதுவும் என்ஜின் சூடேறிய பிறகு. காலையில் ஒரு நிமிடம் வந்து மறையும் நீலப் புகை அதில் அகப்படாமல் போகலாம்.

அலட்சியமும் கூடாது

அவசரம் கூடாது என்றால், அப்படியே விட்டுவிடலாம் என்று பொருள் அல்ல.

எரிகிற எண்ணெய் குறைந்துகொண்டே போகும். வாரம் ஒரு முறையாவது கம்பியை இழுத்துப் பார்க்க வேண்டும். எத்தனை கிலோமீட்டருக்கு எவ்வளவு எண்ணெய் ஊற்றினோம் என்று ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும். எண்ணெய் அடியோடு குறைந்த என்ஜின் சிக்கிக்கொள்ளும். சின்ன ரப்பரால் வந்த கோளாறு அப்போது முழு என்ஜினையும் விழுங்கிவிடும்!

இன்றைய கார்களில் புகையைச் சுத்தப்படுத்தும் கருவி ஒன்று இருக்கிறது. 'கேட்டலிட்டிக் கன்வர்ட்டர்' என்று அதற்குப் பெயர். விலை அதிகம். எண்ணெய் தொடர்ந்து எரிந்தால் அதுவும் கெடும். விடாமல் வரும் புகை, பின்னால் நடந்து வரும் பள்ளிக் குழந்தையின் மூச்சிலும் கலக்கிறது. அதையும் மறந்துவிடக் கூடாது.

காகிதத்தில் எழுதிக் கொடுக்கட்டும்

எல்லா மெக்கானிக்கும் ஏமாற்றுக்காரர் அல்ல. காதால் கேட்டே கோளாறைச் சொல்லும் கைதேர்ந்தவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். ஆனாலும், ரத்தப் பரிசோதனை செய்யாமல் ஆபரேஷனுக்கு நாள் குறிக்கும் டாக்டரை யாராவது ஏற்றுக்கொள்வார்களா?

என்ஜினை இறக்கச் சொல்லும் பட்டறைகள், நான்கு சிலிண்டரின் அழுத்த அளவையும் ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுப்பதை வழக்கமாக்க வேண்டும். கார்க்காரரும் அதைத் தயங்காமல் கேட்க வேண்டும். கேட்பது அவமரியாதை அல்ல. நல்ல மெக்கானிக்குக் கோபமும் வராது. தன் தீர்ப்பு சரி என்று காட்ட அவருக்கும் அதுவே ஆதாரம்.

ஒரு சீட்டுக் காகிதம். நான்கு எண்கள். அவற்றைக் கேட்டு வாங்குகிறவரின் பணம் வீணாகாது.