நஞ்சின் பக்கத்தில் மருந்து முளைப்பதில்லை

வட அமெரிக்கக் காட்டுவழிகளில் நடப்போரிடம் தலைமுறை தலைமுறையாக ஒரு நம்பிக்கை உலவுகிறது. பாய்சன் ஐவி என்னும் நச்சுக்கொடி உடம்பில் பட்டுவிட்டால் அஞ்ச வேண்டாம். பக்கத்திலேயே ஜூவல்வீட் செடி நிற்கும். அதன் சாறு நிறைந்த தண்டைக் கசக்கித் தேய்த்தால் போதும் என்பார்கள். நம் தோட்டங்களில் பூக்கும் காசித்தும்பையின் பேரினத்தைச் சேர்ந்தது அந்தச் செடி. நஞ்சை வைத்த இயற்கை அருகிலேயே முறிவையும் வைத்திருக்கிறது என்ற எண்ணம் மனத்துக்கு இதமளிப்பதுதான். ஆனால் அதை நம்புகிறவர், தம்மைக் காத்துக்கொள்ளக் கிடைக்கும் சில நிமிடங்களைச் செடி தேடுவதில் தொலைக்கிறார்.

ஏன் சில நிமிடங்கள்? பாய்சன் ஐவியின் தீங்கு முழுவதும் உருஷியால் என்ற எண்ணெயில் இருக்கிறது. முந்திரிக்கொட்டை உடைப்போரின் கைகளைப் புண்ணாக்கும் எண்ணெயும், சேராங்கொட்டையின் பாலும் இதே தாவரக் குடும்பத்தின் சரக்குதான். உருஷியால் பட்ட சற்று நேரத்திலேயே தோலுக்குள் இறங்கிப் புரதங்களோடு பிணைந்துகொள்கிறது. ஒவ்வாமை உள்ளவரின் நோயெதிர்ப்பு அணுக்கள் அந்தத் தோலையே பகையெனத் தாக்குகின்றன. அரிப்பும் கொப்புளமும் பெரும்பாலும் 12 மணி நேரம் முதல் 2 நாள் கழித்தே தெரியவருகின்றன. அதற்குள் பிணைப்பு முடிந்துவிட்டிருக்கும். மேலே எந்தச் சாற்றைப் பூசினாலும் அதை அவிழ்க்க முடியாது. எண்ணெயை உள்ளே இறங்கவிடாமல் கழுவி நீக்குவது ஒன்றே தடுப்பு.

இரண்டு செடிகளும் சேர்ந்தே வளரும் என்பதும் அரை உண்மை. ஜூவல்வீட் ஈரமும் நிழலும் தேடுவது. பாய்சன் ஐவியோ ஓடைக்கரையில் மட்டுமன்றி, வறண்ட வேலியோரத்திலும் கடலோர மணல்மேட்டிலும் படரும். ஜூவல்வீட் ஓராண்டுச் செடி. உறைபனி விழுந்ததும் மடிந்துபோகும். பாய்சன் ஐவியின் இலையுதிர்ந்த தண்டிலோ குளிர்காலம் முழுவதும் நச்செண்ணெய் இருக்கும். ஆண்டில் பாதி நாள் இல்லாமல்போகும் ஒன்றை இயற்கை அளித்த முறிவு என்பது எப்படிப் பொருந்தும்?

“பூசினோம், குணமானது” என்பதே இதற்கு வரும் முதல் மறுப்பு. இந்தத் தடிப்பு எதுவும் செய்யாமலேயே ஒன்று முதல் மூன்று வாரங்களில் ஆறிவிடும். சிலருக்கு இந்த எண்ணெய் ஒவ்வாமையே தருவதில்லை. பலருக்குப் படும் அளவு மிகக் குறைவு. இவர்கள் எதைப் பூசினாலும் அது மருந்தாகத் தோன்றும். அதனால்தான் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. 1997இல் வெளியான ஆய்வில் ஜூவல்வீட் சாறு வெறும் தண்ணீரைவிட மேலாக எதையும் செய்யவில்லை. இந்தச் செடியைப் பயன்படுத்திவந்த அமெரிக்கப் பழங்குடியினரின் அறிவை இழிவுபடுத்தலாமா என்பது இரண்டாவது மறுப்பு. மதித்துப் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது. 2012இல் வந்த மற்றோர் ஆய்வு, எண்ணெய் பட்டவுடன் பச்சைச் செடியை நசுக்கித் தேய்த்தால் தடிப்பு ஓரளவு குறைகிறது என்று கண்டது. ஆனால் சோப்பு அதைவிட நன்றாகத் தடுத்தது. செடியிலுள்ள சப்போனின் என்னும் நுரைப்பொருளே செடி தரும் அந்தச் சிறு பயனுக்குக் காரணமாகலாம் என்று பின்னர் வந்த ஆய்வு காட்டியது. ஆக முன்னோர் கண்டது ஓர் அழுக்குநீக்கியை. நாம்தான் அதற்கு நஞ்சுமுறிவு என்று பட்டம் கட்டிவிட்டோம்.

காட்டில் சோப்புக்கு எங்கே போவது என்று கேட்கலாம். ஜூவல்வீட் நிற்கும் இடத்தில் பெரும்பாலும் தண்ணீர் இருக்கும். அந்தத் தண்ணீரையே தாராளமாக ஊற்றி உடனே கழுவலாம். கசக்கிய இலையைத் தேய்த்து அப்படியே விட்டால், ஓரிடத்தில் இருந்த எண்ணெய் இன்னும் பரவவே வாய்ப்பு. பையில் ஒரு சிறு சோப்புத் துண்டைப் போட்டுக்கொள்வதில் என்ன சிரமம்? உடை, காலணி, கருவி, நாயின் மயிர் ஆகியவற்றில் ஒட்டிய எண்ணெயும் நெடுநாள் வீரியம் குறையாது; அவற்றையும் கழுவ வேண்டும். முகம் வீங்கினாலோ, அந்தக் கொடி எரிந்த புகையைச் சுவாசித்தாலோ மருத்துவரிடம் போயே ஆக வேண்டும். குழந்தைகளைக் காட்டுக்கு அழைத்துச் செல்வோர் சொல்லித்தர வேண்டியது பாய்சன் ஐவியின் மூவிலைக் கொத்தை அடையாளம் காணவும், பட்டால் அந்த நொடியே கழுவவும்தான். மருந்துச் செடியைத் தேடச் சொல்லிக்கொடுப்பது அவர்களின் தோலைப் பணயம் வைப்பதாகும்.